முடக்கத்தான் ரசமும் புற்று மண்ணும்

ஆவணி 3, புதன்

இதைப் படிக்கிறவர்கள் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாளில் கோடு இருக்கிறது. ஆனாலும் என் எழுத்து கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கிறது. முதல் வார்த்தை பெரிதாக வருகிறது, கடைசி வார்த்தை இடமில்லாமல் ஓரத்தில் ஒடுங்கிக்கொள்கிறது. நான் பேனாவை மூட்டைக் கொக்கி மாதிரிப் பிடிக்கிறேன் என்று யசோதா டீச்சர் சிரிக்கிறார். இவ்வளவு எழுதுவதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் சுண்டிவிட்டது. போய் மறுபடி ஊற்றிவிட்டு வந்தேன்.

என் பெயர் சென்னியப்பன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினேன். இப்போது உடம்பு இடம் கொடுக்கவில்லை. எங்கள் சங்கக் கட்டிடத்தில் சாயங்காலம் எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள். தை மாதம் சேர்ந்தேன். "தெனமும் நாலு வரி எழுதுங்கய்யா. என்ன சமைச்சீங்க, யாரு வந்தாங்க, அது போதும்" என்று டீச்சர் சொன்னார்.

இன்று கஞ்சி. யாரும் வரவில்லை.

ஆவணி 4, வியாழன்

நேற்று எழுதியதை இன்று நானே படித்துப் பார்த்தேன். புரிந்தது! நான் எழுதியது எனக்கே புரிகிறது. மூன்று முறை படித்தேன்.

வீட்டில் நான் சமைப்பதற்குக் காரணம் பாவாயியின் கை. பாவாயி என் சம்சாரம். அவளுக்கு முடக்குவாதம் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். விரல் கணு ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு வீங்கி, சூடாக இருக்கும். காலையில் கையை மூட முடியாது. டம்ளர் பிடிக்க முடியாது. ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுவது, தலை சீவுவது, சோறு பிசைந்து கொடுப்பது எல்லாம் நான்தான். முழங்காலும் அப்படியே. கக்கூசுக்குப் போக வர என் தோளைப் பிடித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரி மாத்திரையைச் சித்திரையிலேயே நிறுத்திவிட்டாள். "வவுறு வெந்து போகுதுங்க. கை வலி பத்தாதுன்னு வவுத்து வலியும் எதுக்கு?" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. காலையிலிருந்து வரிசையில் நிற்பது இரண்டு பேருக்குமே ஆவதில்லை.

அசதியாக இருக்கிறது. துணி ஊற வைத்தது அப்படியே கிடக்கிறது.

ஆவணி 7, ஞாயிறு

இன்று பெரிய சமாசாரம்.

எங்கள் வீட்டு நாள்காட்டி மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்தது. தினமும் ஒரு தாள் கிழிப்பேன். இத்தனை காலமும் அதில் கை எண்ணெயைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். இன்று கிழித்ததும் பின்பக்கத்தைப் பார்த்தேன். பொடி எழுத்து. வாசலில் வெளிச்சத்துக்குப் போய் நின்று ஒவ்வொன்றாகக் கூட்டினேன். மூ, ட், டு. மூட்டு. வீ, க், க, ம். வீக்கம்.

"பாவாயி! இங்க பாரு புள்ளே, உன்ற சீக்கைப் பத்தி எழுதியிருக்குது!"

"காலங்காத்தால ஏனுங்க இப்படிக் கத்தறீங்க? யாரு எழுதுனது?"

"காலண்டருல போட்டிருக்குது."

"என்ற சீக்கு அவீங்களுக்கு எப்படித் தெரியும்?"

உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டினேன். மூட்டு வீக்கம் குறைய முடக்கத்தான் கீரை ஒரு கைப்பிடி, மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள் சேர்த்து ரசம் வைத்து உண்டு வர நலம். சர்க்கரை, மைதா, எண்ணெயில் பொரித்த பலகாரம் தவிர்க்க.

"நலம்னா?"

"நல்லாயிரும்னு அர்த்தம்."

"அப்ப அப்படியே எழுதறதுக்கென்ன அவீங்களுக்கு?"

நான் படித்தபோது அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிறந்ததிலிருந்து முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை சொந்தமாகப் படித்த முதல் சங்கதி இதுதான். அதுவும் அவளுக்கு வேண்டிய சங்கதி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆவணி 8, திங்கள்

கீரைக்காரம்மாவிடம் முடக்கத்தான் வாங்கினேன். "வேலியில சும்மா படர்ந்து கெடக்கறதைக் காசு குடுத்து வாங்கறீங்களே" என்று அவரே சிரித்தார். நான் வேலிக்கு எங்கே போக?

மஞ்சள் மட்டும் மண்டியிலிருந்து முழு விரலியாக வாங்கி வந்து நானே இடித்தேன். உடம்பெல்லாம் மஞ்சளாகத் திரிந்தவன் நான். சட்டை, தலைமயிர், எச்சில்கூட மஞ்சளாக இருக்கும். அதைத் தின்றால் வீக்கம் வற்றும் என்று இப்போதுதான் படிக்கிறேன்.

ரசம் பச்சை வாடை அடித்தது. பாவாயி ஒரே மூச்சில் குடித்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

ஆவணி 10, புதன்

காலண்டரின் பழைய தாள்களைத் தேடினேன். எண்ணெய் துடைத்ததெல்லாம் போனது போனதுதான். வகுப்பில் யசோதா டீச்சர் தன் பழைய காலண்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பிரண்டைத் துவையல் இருந்தது. பிரண்டையை நறுக்குவதற்கு முன் கையில் எண்ணெய் தடவ வேண்டும் என்று அதில் போடவில்லை. முழங்கை வரை அரிப்பு. புளியைக் கரைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கு ஒரு வைத்தியம் பண்ணோணும் போல இருக்குதே" என்று பாவாயி சிரித்தாள். சிரித்தாலும் அவளுக்கு விரலில் வலிக்கிறது. சிரிப்பதற்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

நொச்சி இலையைச் சட்டியில் வதக்கி, துணியில் கட்டி, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். டீயில் சர்க்கரை கிடையாது என்று சொல்லிவிட்டேன். பேக்கரி வர்க்கியும் கிடையாது. "ஜெயில்லகூட வர்க்கி குடுப்பாங்க" என்றாள்.

ஆவணி 12, வெள்ளி

நாச்சாயி வந்தாள். பாவாயியின் தங்கச்சி. பவானிப் பக்கம் இருக்கிறாள். அக்காவின் கையைப் பார்த்து அழுதாள். அப்புறம் என் ரசத்தைக் குடித்துப் பார்த்து, "மாமா, இதைக் குடிச்சா சீக்கு பயந்துட்டு ஓடியே போயிரும்" என்றாள். கேலிதான். இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

ரசத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டு அடுப்பங்கரையில் இருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் நெடுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். போகும்போது ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் ஊரில் நாகாத்தா கோயில் புற்று மண்ணாம். தினமும் காலையில் கிழக்கே பார்த்து ஒரு சிட்டிகை வாயில் போட வேண்டுமாம். புற்று மண் தின்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். என் அம்மாவும் எனக்குப் போட்டிருக்கிறாள்.

சாமியும் இருக்கட்டும், ரசமும் இருக்கட்டும்.

ஆவணி 16, செவ்வாய்

மூடிவிட்டாள்! கையை மூடிவிட்டாள்!

காலையில் கஞ்சி கொண்டுபோனேன். டம்ளரை என் கையிலிருந்து அவளே வாங்கினாள். நான் விடவில்லை. "விடுங்க, நாம் புடிச்சுக்கறேன்" என்றாள். பிடித்தாள். சிந்தவில்லை.

காலண்டரில் எழுதியவர் யாரோ தெரியவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்று எழுத்து இன்னும் கோணலாக இருக்கும்.

ஆவணி 25, வியாழன்

பாவாயி தானாக ரவிக்கைக் கொக்கி மாட்டிக்கொள்கிறாள். வாசல் பெருக்குகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. முடக்கத்தான், முருங்கைக்கீரை, கொள்ளு, இஞ்சி என்று மாற்றி மாற்றி வைக்கிறேன். மிளகு போட்ட மஞ்சள் பால் படுக்கும்போது. மாலையில் கால் வலியோடு கீரைக்கடைக்கு நடக்கிறேன். சமைத்து முடித்து உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மனசு வரவில்லை. ஆனால் இது வேறு அசதி. மண்டியில் லாரி நிறைய ஏற்றி முடித்துவிட்டு டீ குடிக்கும்போது வரும் அசதி மாதிரி.

புரட்டாசி 5, திங்கள்

வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். டீச்சர் கை தட்டினார். "வாங்கய்யா, ரசம் எப்படி வைக்கறதுன்னு நீங்களே போர்டுல எழுதுங்க" என்று சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டார். எழுதினேன். முடக்கத்தானில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு மறுபடி நுழைத்தேன். எல்லாரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். என் கூட மூட்டை தூக்கிய ராக்கியண்ணன், முழங்கால் வலிக்காரன், இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து பாவாயியிடம் சொன்னேன். "போர்டுலயா? எல்லாரும் எழுதிட்டாங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

புரட்டாசி 14, புதன்

பாவாயி ஆளே மாறிவிட்டாள். கன்னம் உப்பி, முகம் பௌர்ணமி மாதிரி வட்டமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு மைனாவதி, "அத்தே, புதுப் பொண்ணாட்டம் ஆயிட்டீங்க. மாமா என்ன போடறாரு?" என்றாள். ரவிக்கை பிடிக்கிறது. தையல் பிரித்துவிடச் சொன்னாள். பசியும் நிறைய எடுக்கிறது. நான் வைத்ததைத் தின்றுவிட்டுச் சட்டியை வழிக்கிறாள். சமைக்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

கையில் மட்டும் அங்கங்கே கன்னிப்போய் நாவற்பழ நிறத்தில் கறை கறையாக இருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள். தாகம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். மிளகு சூடாக இருக்கும். குறைக்க வேண்டும்.

நாச்சாயி வாராவாரம் வந்து புது மண் கொடுத்துவிட்டுப் போகிறாள். இந்தத் தடவை மண் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. புற்றுக்குப் புற்று மண் மாறும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

புரட்டாசி 22, வியாழன்

நாச்சாயியின் மகளுக்குக் கோயமுத்தூரில் பிரசவம். அவள் அங்கே போய்விட்டாள். இந்த வாரம் வரவில்லை.

"ஏனுங்க, நாச்சாயி போன் பண்ணுனாளா?" இதை இன்று காலையிலிருந்து பாவாயி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"புள்ளைப்பேறு பாக்கப் போனவளுக்குப் போன் எதுக்கு? உனக்கு என்ன அவசரம்?"

"அவசரம் ஒண்ணுமில்லீங்க. கேட்டேன்."

பொட்டலத் தாளை விரித்து, மடிப்பில் ஒட்டியிருந்ததை விரலால் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு பக்தி.

புரட்டாசி 26, திங்கள்

காலையில் ரசம் குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டாள். எழுந்து நிற்க முடியவில்லை. வீக்கம் திரும்பிவிட்டது. முன்பைவிட அதிகம். நான் என்னமோ தப்பாகச் சேர்த்துவிட்டேன். கீரையில் வேறு செடி கலந்திருக்குமோ? எல்லாத் தாளையும் எடுத்து மறுபடி படித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பதற்குள் அவள் மறுபடி வாந்தி எடுத்தாள்.

புரட்டாசி 27, செவ்வாய்

கஞ்சி. நொச்சி ஒத்தடம். சுக்குத் தண்ணீர். ஒன்றும் தங்கவில்லை.

புரட்டாசி 30, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தாநாள் காலை பாவாயி குழாயடியில் விழுந்துவிட்டாள். கண் செருகி, உடம்பு சில்லிட்டிருந்தது. ஆட்டோ எங்கள் சந்துக்குள் வராது. முன்பக்கம் குனிந்து முதுகில் ஏற்றிக்கொண்டேன். மூட்டை தூக்கும்போது ஒரு பிடி உண்டு, அப்படி. மைனாவதி பின்னால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரோட்டுக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இத்தனை கனம் இவள் என்றைக்கும் இருந்ததில்லை.

ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, சாயங்காலம் கண் விழித்தாள். நேற்றுதான் சின்ன வயசு டாக்டரம்மா உட்கார்ந்து விசாரித்தார்.

"என்ன மருந்து சாப்பிட்டாங்க ஐயா?"

"மருந்தே இல்லீங்க டாக்டரம்மா. நானே சமைச்சுப் போடறனுங்க." எல்லாம் சொன்னேன். முடக்கத்தான், மஞ்சள், பிரண்டை, கொள்ளு. சர்க்கரையை நிறுத்தியது, வர்க்கியை நிறுத்தியது. அந்த நேரத்திலும் காலண்டரை நானே படித்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எல்லாம் நல்ல சாப்பாடுதான். ஆனா அதனால முகம் இப்படி வீங்காது."

"வீக்கம் இல்லீங்க. சதை புடிச்சிருக்குது."

டாக்டரம்மா பாவாயியின் கையில் இருந்த கறைகளைத் தொட்டுப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார். சர்க்கரையே கண்ணில் காட்டவில்லையே என்றேன்.

"வேற ஏதாவது பொடி, சூரணம்?"

"இல்லவே இல்லீங்க. கோயில் புத்து மண்ணு மட்டும் வாயில போடுவா. அது சாமி மண்ணு."

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டுப் பாவாயியைப் பார்த்தார். "எந்தக் கோயில்ம்மா?"

பாவாயி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கோயில் இல்லீங்க."

சந்தையில் வேனை நிறுத்தி ஒரு ஆள் மூலிகைப் பொடி என்று விற்கிறானாம். நாச்சாயி அவனிடம்தான் வாங்கி வந்தாளாம்.

சோதித்துப் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அறிகுறி எல்லாம் அப்படித்தான் இருக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். ஆஸ்பத்திரியில் அளந்து, பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் ஒரு மாத்திரையை இப்படிப் பொடிகளில் அளவில்லாமல் அரைத்துக் கலப்பார்களாம். ஸ்டீராய்டு என்று பெயர். உடனே வலி நிற்கும், வீக்கம் வற்றும், பசி எடுக்கும். முகம் உப்பும், தோல் மெலிந்து கன்னும், சர்க்கரை ஏறும். ரொம்ப நாள் தின்றுவிட்டுப் பட்டென்று நிறுத்தினால் உடம்பு படுத்துவிடும். உயிருக்கே ஆபத்தாம். மெதுவாகத்தான் குறைக்க வேண்டுமாம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். என் சம்சாரம் பிழைத்துக் கிடக்கும்போது கேட்கிற கேள்வியா அது என்று இப்போது தோன்றுகிறது.

"அப்ப என்ற ரசத்துல ஒண்ணுமே கேக்கலீங்களா?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்படி இல்ல ஐயா. கீரையும் மஞ்சளும் உடம்புக்கு நல்லது. சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைச்சது ரொம்ப நல்லது. அதை விடாதீங்க. ஆனா இந்த நோய் மூட்டு எலும்பையே தின்னுட்டு வரும். அதைச் சாப்பாடு மட்டும் தனியா நிறுத்தாது. மாத்திரையும் வேணும். வயிறு எரிஞ்சா எங்ககிட்ட வந்து சொல்லணும், மாத்திக் குடுப்போம்."

சரிங்க என்றேன்.

ஐப்பசி 1, ஞாயிறு

இன்று பாவாயி எழுந்து உட்கார்ந்தாள். இட்டிலியைப் பிட்டு ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோவமுங்களா?"

"எதுக்கு மறைச்சே?"

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகப் பேசினாள்.

"நீங்க அந்தத் தாளைப் படிச்சீங்கல்ல, அன்னைக்கு. உங்க மொகத்தை நீங்க பாக்கலை, நாம் பார்த்தேன். கண்ணாலம் ஆனதுல இருந்து உங்களுக்கு அப்படி ஒரு மொகம் இருக்கறதே எனக்குத் தெரியாது. ரசத்துல ஒண்ணும் கேக்கலைன்னு அந்த மொகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருந்தா நாம் என்ன, தூக்குலயா தொங்கியிருப்பேன்?"

"நாலு நாளு தின்னு பாக்கலாம்னுதான் வாங்குனேன். கை மூடுச்சு. நீங்க சந்து முழுக்கச் சொல்லிட்டீங்க. அப்புறம் போர்டுல வேற எழுதிப்போட்டு வந்தீங்க. நாம் எங்கே போய்ச் சொல்ல?"

"செத்துப்போயிருந்தா?"

"செத்திருந்தாலும் ரசத்துல பொழைச்சான்னு சொல்லிட்டுத்தான் திரிஞ்சிருப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. சட்னி தீர்ந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டேன். சட்னி தீரவில்லை.

ஐப்பசி 5, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை.

ஐப்பசி 9, திங்கள்

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். நாச்சாயி கோயமுத்தூரிலிருந்து ஓடிவந்து என் காலில் விழுந்தாள். "மாமா, நானே தெனமும் தின்னுட்டு இருக்கறனுங்க மாமா" என்று அழுதாள். அவளுக்கு இடுப்பு வலியாம். கோயமுத்தூருக்கும் ஒரு டப்பா கொண்டுபோயிருக்கிறாள். நீயாக நிறுத்தாதே, டப்பாவோடு டாக்டரம்மாவைப் போய்ப் பார் என்று மைனாவதியைத் துணைக்கு அனுப்பினேன். திட்டலாம் என்றுதான் இருந்தேன். அவள் முகமும் வட்டமாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று சந்து முனை வரை யோசித்தேன். போய், எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். ராக்கியண்ணன்தான் கேட்டான்.

"அப்ப ரசம் வேண்டாங்கறியா? தெனம் குடிச்சுட்டு இருக்கறேன். ஆஸ்பத்திரி மாத்திரையைக்கூட நிறுத்திப்போட்டேன்."

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"நிறுத்தாதடா. நாளைக்கே போயி மறுபடி கேளு. ரசமும் குடி. ரண்டு ஆளு தூக்கற மூட்டையை ஒருத்தன் தலையில ஏத்துனா என்ன ஆகும்? கழுத்து போயிருமில்ல? அப்படித்தான்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்னடா? போர்டுல எழுதத் தெரிஞ்சுதுல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். யசோதா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, "உக்காருங்கய்யா" என்றார்.

ஐப்பசி 13, வெள்ளி

காலையில் வெந்நீர் வைத்தேன். பாவாயிக்குப் பல் விளக்கிவிட்டேன். சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை. வயிறு எரியாமல் இருக்க அதற்கு முன் ஒரு மாத்திரை. பெயரை எழுத்துக் கூட்டினேன். நாக்கில் நிற்கவில்லை. பொடியின் இடத்தில் அந்த ஸ்டீராய்டு மாத்திரையையே ஆஸ்பத்திரியில் அளந்து கொடுத்திருக்கிறார்கள். அதை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். நோய்க்குக் கொடுத்த புது மாத்திரை பிடிக்க மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை வலி இருக்கும். கன்னம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. கணுவெல்லாம் மறுபடி நெல்லிக்காய். தலை சீவிவிட்டேன். ரவிக்கைக் கொக்கி மறுபடி என் வேலை.

"எப்படி இருக்குது?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு அவள் எப்போதும் பரவால்லீங்க என்பாள். கை மூட முடியாத காலத்திலும் அதுதான் பதில்.

இன்று சற்று நேரம் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுங்க. நேத்தைவிட எச்சா வலிக்குது. கட்டை விரலைத் தொட முடியல. முழங்காலு தீயில வெச்சாப்ல இருக்குது."

"சரி."

"என்ன சரி?"

"சொன்னியல்ல. அதுக்குச் சரி."

மத்தியானம் முடக்கத்தான் ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை என் கையிலேயே தள்ளினாள்.

"கருமம். இதென்னங்க, மாட்டுக்கு வெச்ச கழனித்தண்ணியாட்ட இருக்குது?"

"இத்தனை நாளும் எப்படிக் குடிச்சே?"

"நீங்க அடுப்புப் பக்கம் திரும்பறப்ப மூச்சைப் புடிச்சுட்டுக் குடிச்சேன். ஒரு நாளாச்சும் நீங்க குடிச்சுப் பார்த்தீங்களா?"

குடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது குறைவு. முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, பாவாயி வீங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அப்ப நாளையில இருந்து வேண்டாம்."

"வேண்டாம்னு யாரு சொன்னா? வெக்கறதை ஒழுங்கா வெய்யுங்க. கீரையை நெய்யில வதக்குங்க மொதல்ல. பூண்டை முழுசாப் போடாதீங்க, தட்டிப் போடுங்க. புளியைக் கொறைங்க. சீரகத்தை வறுத்துட்டுத் தட்டுங்க."

இவ்வளவும் காலண்டரில் இல்லை. வரிசையாக இங்கே எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவள் சொல்கிற வேகத்துக்கு என் கை ஓடவில்லை. விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று பாவாயிக்கு ரொம்ப வலி. அவள் வாயால் கேட்டு எழுதுகிறேன். வலியை எழுதும்போது மனசு லேசாக இருக்கிறது என்றால் படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைப்பார்கள். நினைக்கட்டும்.

முதுகு கடுக்கிறது, பாத்திரம் கிடக்கிறது. புதன்கிழமை ரத்தம் எடுக்கப் போக வேண்டும். அன்று முழுக்க வரிசையில் போய்விடும், அடுத்த நாள் அசதியில் போய்விடும். அதற்கடுத்த நாள் உட்கார்ந்து, டாக்டரம்மா என்ன சொன்னார், பாவாயி அவரிடம் என்னென்ன சொன்னாள் என்று எழுதிவைப்பேன்.